வழிகாட்டிக் கருவியும் கூட வரும் சின்ன வண்டியும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வீட்டு வாகனப் பயணம் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். பஸ்ஸுக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றுபவர்கள் எழுதியிருக்கிறார்கள். கனடாவில் உள்ள பிள்ளைகளோடு மோட்டார் ஹோமில் போக இருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: றோசா பஸ் ஒன்றை வீடுபோல மாற்றி வைத்திருக்கிறோம். கூரையில் ஏசியும் தண்ணீர்த் தாங்கியும் உண்டு. கூகுள் மப் சொன்னபடி போய் இரண்டு தடவை ஒழுங்கைக்குள் மாட்டுப்பட்டு, கதியால் உரசப் பின்னுக்கு எடுத்தோம். தனியாக ஒரு ஜி.பி.எஸ். கருவி வாங்கினால் இது தீருமா?
– வாசகர், நெல்லியடி

பதில்: கருவி வாங்க முன் பஸ்ஸை அளவுங்கள். கூகுள் மப்புக்கு நீங்கள் ஓட்டுவது றோசாவா அல்ரோவா என்று தெரியாது. உயரம், அகலம், நிறை கேட்கும் இடமே அதில் இல்லை. எந்த வழியால் நேரம் குறைவோ அந்த வழியைக் காட்டும். நம் ஊர் ஒழுங்கைகள் பல இரண்டு பெரிய வீதிகளைக் குறுக்கே இணைப்பதால் அவைதான் அதன் கண்ணில் முதலில் படும்.

றோசாவின் உயரம் தொழிற்சாலைக் கணக்கில் ஏறத்தாழ 2.7 மீற்றர். ஏசி, தாங்கி, கம்பித் தட்டு எல்லாம் ஏறிய பிறகு அந்தக் கணக்கு உதவாது. சீமெந்துத் தரையில் பஸ்ஸை நிறுத்தி, ரயர் காற்றைச் சரியான அளவுக்கு விடுங்கள். தண்ணீரையும் சாமான்களையும் இறக்கிவிடுங்கள். பாரம் இல்லாதபோது ஸ்பிரிங் எழும்பி நிற்கும். அதுதான் வண்டியின் அதிக உயரம். கூரையில் எது உயரமோ அதன் மேல் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றை வெளியே நீட்டி வைத்து, நீர்மட்டம் பார்த்து, அதன் நுனியிலிருந்து தூக்குக்குண்டு இறக்கித் தரை வரை அளவுங்கள். வந்த அளவோடு 15 சென்ரிமீற்றர் கூட்டி, ஓட்டுநரின் வெயில் மறைப்புத் தட்டில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அகலத்தைக் கண்ணாடி முதல் கண்ணாடி வரை அளந்து அதையும் எழுதுங்கள். ஒழுங்கையில் முதலில் இடிபடுவது கண்ணாடிதான்.

கூரைத் தாங்கி பற்றியும் ஒரு வார்த்தை. 200 லீற்றர் தண்ணீர் 200 கிலோ. அதைத் தலையில் வைத்துக்கொண்டு வளைவு எடுக்கும்போது பஸ் சாயும். சோளகம் அடிக்கும் மாதங்களில் பண்ணைப் பாலத்தில் பக்கக் காற்றும் சேர்ந்து தள்ளும். தாங்கியைக் கட்டிலுக்குக் கீழே, பின் அச்சுக்கு முன்பாக இறக்குங்கள். உயரமும் குறையும்.

இனிக் கருவி. இலங்கைக்குள் மட்டும் ஓடுவதென்றால் வீட்டு வாகனத்துக்கென்று விற்கும் விலை கூடிய கருவி தேவையில்லை என்பதே எங்கள் முடிவு. நல்ல போன் ஒன்று போதும். அதில் இரண்டு மப் வைத்திருங்கள். ஒன்று கூகுள், நெரிசல் பார்க்க. மற்றது ஒஸ்மான்ட், வண்டியின் அளவைக் கொடுக்க. ஒஸ்மான்டில் லொறிக்கான பிரிவைத் தெரிவு செய்து, வழி அமைப்புக்குள் போய் உயரம், அகலம், நீளம், நிறை நான்கையும் பதியுங்கள். இலங்கை வரைபடத்தை முழுதாக இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஒரு வளைவின் உயரத்தையோ பாலத்தின் நிறை எல்லையையோ அந்த வரைபடத்தில் யாராவது பதிந்திருந்தால்தான் அது எச்சரிக்கும். கோயில் அலங்கார வளைவு, வீட்டுக்கு இழுத்த மின்வயர், வீதிக்கு மேல் நீட்டிய புளியங்கொப்பு எதுவும் எந்த மப்பிலும் இல்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகள் மறிக்கப்படும். அந்த நாட்களில் அந்தப் பக்கம் வழி போடவே வேண்டாம்.

ஒழுங்கைக்குள் இழுபடாமல் இருக்க எளிய வழி, போகும் இடத்தை மட்டும் போடாமல் நடுவில் நிறுத்தங்கள் சேர்ப்பது. நெல்லியடியிலிருந்து கொழும்புக்கு என்றால் முதல் நிறுத்தம் கொடிகாமம் சந்தி, அடுத்தது கிளிநொச்சி, பிறகு வவுனியா. மன்னாருக்கு என்றால் நாவற்குழி, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி. கடைசி இலக்கைக் கோயிலின் பெயரிலோ வீட்டின் பெயரிலோ போடாதீர்கள். பஸ் நிற்கக்கூடிய வெளியின் மேல் விரலை அழுத்திக் குறி வையுங்கள். கோயிலின் பெயரைப் போட்டால் குறி பின்வீதியில் விழுந்து, கடைசி 200 மீற்றரில்தான் மாட்டுப்படுவீர்கள்.

போனுக்கு மின் கொடுப்பதில்தான் றோசாக்காரர் அதிகம் தவறுகிறார்கள். றோசாவில் 12 வோல்ற் பற்றரி இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ற் தருகின்றன. இயந்திரம் ஓடும்போது மீற்றரில் 28 வரை காட்டும். காருக்கென்று விற்கும் 12 வோல்ற் சார்ஜரைச் செருகினால் கருகிவிடும். ‘12–24’ என்று அச்சிட்டதை வாங்குங்கள். அன்ரொயிட் செட், பின் கமரா போன்ற 12 வோல்ற் சாமான்களுக்கு ஒரு பற்றரியிலிருந்து மட்டும் வயர் எடுப்பார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். வயர் எடுத்த பற்றரி எப்போதும் குறைந்தே இருக்கும். மற்றது அளவுக்கு மிஞ்சி ஏறிக் கொதிக்கும். கடைசியில் இரண்டும் சேர்ந்தே சாகும். 24-ஐ 12 ஆக்கும் கொன்வேட்டர், 10 அம்பியர் அளவில் ஒன்று போட்டு, பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வையுங்கள்.

போனை முன்கண்ணாடியில் ஒட்டினால் பங்குனி, சித்திரை வெயிலில் மதியத்துக்குள் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும். ஐபோனுக்கு அதன் உற்பத்தியாளர் சொல்லும் சுற்று வெப்ப எல்லை 35 பாகை. கண்ணாடிக்குப் பின்னால் அதைவிட எவ்வளவோ கூட. ஏசிக் காற்று வரும் வாயில் கொழுவும் பிடியைப் பாவியுங்கள்.

கேள்வி: சிம்மில் டேட்டா முடிந்தால் ஜி.பி.எஸ். நின்றுவிடுமா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: நிற்காது. போன் செய்மதியிலிருந்து நேரடியாகத்தான் இடத்தை அறிகிறது. டேட்டா தேவைப்படுவது வரைபடத்தை இறக்கவும் நெரிசல் பார்க்கவும். டேட்டா இல்லாமல் போனைப் புதிதாகத் திறந்தால் இடத்தைப் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கலாம். அதுவரை வெட்டவெளியில் நிறுத்தி வையுங்கள். கண்ணாடிக்கு ஒட்டிய கறுப்புத் தாளில் உலோகப் பூச்சு இருந்தால் அதுவும் சிக்னலைத் தடுக்கும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த எங்கள் விற்ஸில் நவி செட் இருக்கிறது. அதில் இலங்கை வரைபடம் ஏற்ற முடியுமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். அந்த செட் ஜப்பான் வரைபடத்துக்காகவே செய்யப்பட்டது. ரேடியோவாகவும் பின் கமராத் திரையாகவும் வைத்திருங்கள். உள்ளே இருக்கும் எஸ்.டி. கார்டைக் கழற்றித் தொலைத்துவிடாதீர்கள். கார்ட் இல்லாமல் பற்றரியைக் கழற்றி மாட்டினால் பல செட்டுகள் கோட் கேட்டுப் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: தம்பி ரொறன்ரோவில் போர்ட் ஈ-450 சசியில் கட்டிய மோட்டார் ஹோம் வாங்கியிருக்கிறார். வரும் கோடையில் நாங்களும் போய் அமெரிக்காவின் கிழக்குப் பக்கமாக இறங்க எண்ணம். பின்னால் ஒரு சின்னக் காரை இழுத்துக்கொண்டு போகலாமாம். எந்தக் கார்? அங்கேயும் போன் மப் போதாதா?
– வாசகர், கொக்குவில்

பதில்: அங்கே போதாது. ஊரில் தேவையில்லை என்று சொன்ன கருவியை அங்கே வாங்கத்தான் வேண்டும். கார்மின் நிறுவனத்தின் ஆர்.வி. (வீட்டு வாகன) வரிசை போன்ற கருவிகளில் உயரம், நீளம், அகலம், நிறை, கூடவே புரொப்பேன் காஸ் இருக்கிறதா என்பதையும் பதியலாம். அந்த ஐந்தையும் பார்த்து அது வழி போடும்.

ஏன் வேண்டும் என்பதற்கு உதாரணங்கள். வட கரோலினாவின் டேர்கம் நகரில் ஒரு ரயில் பாலத்தின் கீழ் இடைவெளி பல காலம் 11 அடி 8 அங்குலம். 2019இல் 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். அதுவரை வாடகை லொறிகளின் கூரைகள் அதில் வரிசையாக உரிந்தன. நியூ யோர்க்கின் பார்க்வே வீதிகள் கார்களுக்காகக் கட்டியவை, அவற்றின் மேலே போகும் பாலங்கள் உயரம் குறைந்தவை. கார் என்று நினைத்துப் போன் உங்களை அங்கேதான் அனுப்பும். பல்ரிமோரில் துறைமுகத்துக்குக் கீழே போகும் சுரங்கங்களில் புரொப்பேன் சிலிண்டருக்குக் கட்டுப்பாடு உண்டு. முன்பு அப்படியான வாகனங்கள் கீ பாலத்தால் சுற்றிப் போயின. அந்தப் பாலம் 2024 மார்ச் 26ஆம் திகதி கப்பல் மோதி விழுந்துவிட்டது. இப்போது நகரைச் சுற்றிப் போகும் ஐ-695 வீதியின் மேற்குப் பக்கத்தால் போக வேண்டும். பழைய வரைபடம் உள்ள கருவிக்கு அந்தப் பாலம் இன்னும் நிற்கிறது. 2011 ஜனவரிக்கு முந்திய வரைபடத்தில் நம் சங்குப்பிட்டிப் பாலம் இல்லாதது போலத்தான் இதுவும். பாவித்த கருவி வாங்கினால், புதிய வரைபடம் ஏறுமா, அதற்குச் சேமிப்பிடம் போதுமா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கச் சொல்லுங்கள். திரை 7 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஓட்டுநர் இருக்கை முன்கண்ணாடியிலிருந்து தூரம். உயரத்தை வெயில் மறைப்பில் அடியிலும் மீற்றரிலும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கனடாவில் பலகை மீற்றரில் இருக்கும், எல்லை தாண்டினால் அடி.

இனி கார். முதலில் நிறைக் கணக்கு. ஈ-450க்கு வண்டியின் மொத்த நிறை எல்லை பொதுவாக 14,500 இறாத்தல், இழுக்கும் காரோடு சேர்த்து 22,000. கதவுப் பக்கத்து ஒட்டியில் உங்கள் வண்டிக்குரிய எண் இருக்கும், அதுதான் செல்லும். ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு நிறைத் தராசில் 14,000 வந்தால் 8,000 மிச்சம் என்று தோன்றும். ஆனால் பின்னால் உள்ள கொக்கியில் 5,000 என்று பதித்திருந்தால் எல்லை 5,000தான். கொக்கி, இழுவைச் சட்டம், காரில் பூட்டும் அடித்தட்டு, சசி ஆகிய நான்கில் எந்த எண் குறைவோ அதற்கே அடங்க வேண்டும்.

நான்கு ரயரும் வீதியில் உருள இழுக்கும் முறைக்கு எல்லாக் காரும் சரிவராது. சாதாரண ஓட்டோ கியர்ப் பெட்டியில் எண்ணெயைச் சுற்ற விடும் பம்பை இயந்திரம்தான் ஓட்டுகிறது. இயந்திரம் நின்றிருக்க, சில்லு மட்டும் சுற்றினால் உள்ளே பற்களும் பெயரிங்குகளும் எண்ணெய் இல்லாமல் உராயும். வெளியே ஒன்றும் தெரியாது. நூறு மைல் கழித்து எரிந்த எண்ணெய் மணம் வரும்போது பெட்டி முடிந்திருக்கும். நம்பி எடுக்கக் கூடியவை: நியூட்ரல் உள்ள ட்ரான்ஸ்பர் கேஸோடு (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டியோடு) வரும் ஜீப் றாங்லர், 2014 வரையிலான ஹொண்டா சி.ஆர்-வி. 2015இலிருந்து சி.ஆர்-வி.யில் சி.வி.ரி. (படிப்படியான கியர் இல்லாத ஓட்டோ) கியர் வந்ததால் அதை இப்படி இழுக்கக் கூடாது. ஒரே பெயர், ஒரே உருவம் என்று ஏமாற வேண்டாம். அந்த ஆண்டின் கைநூலில் இழுப்பது பற்றிய பக்கத்தைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

பழைய சி.ஆர்-வி.க்குக் கைநூல் சொல்லும் ஒழுங்கு இது. பிரேக்கை மிதித்து இயந்திரத்தை இயக்கி, கியரை எல்லா நிலைகளுக்கும் கொண்டுபோய், ‘டி’யில் 5 விநாடி வைத்து, நியூட்ரலுக்கு எடுங்கள். அப்படியே 3 நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். ஸ்ரியரிங் பூட்டாதபடி திறப்பை முதல் நிலையில் விடுங்கள். கைப் பிரேக்கை இறக்க மறவாதீர்கள். 65 மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. 8 மணித்தியாலத்துக்கு மேல் இழுத்தால் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். கியரை ‘ஆர்’ அல்லது ‘பி’யிலிருந்து நேரே நியூட்ரலுக்குத் தள்ளினால் பெட்டி கெடும். அந்த 5 விநாடியை விட்டுவிடுவோர்தான் கியர்ப் பெட்டியை இழக்கிறார்கள்.

இழுவைச் சட்டம் சமமட்டத்தில் நிற்க வேண்டும். கொக்கி காரின் பூட்டைவிட 4 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது கார் சட்டத்துக்குக் கீழே புகப் பார்க்கும். பாதுகாப்புக் கம்பிவடம் இரண்டையும் குறுக்காக மாட்ட வேண்டும். காருக்குத் தனிப் பிரேக் கருவியும், கார் கழன்றுவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்கும் சுவிச்சும் போடாமல் வீதிக்கு இறங்க வேண்டாம். எத்தனை கிலோவுக்கு மேல் அது கட்டாயம் என்பது மாகாணத்துக்கு மாகாணம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எல்லா இடத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடுவதே நல்லது. காரை மாட்டியபடி பின்னுக்கு எடுக்கவே கூடாது. முன் சில்லுகள் ஒரு பக்கம் மடிந்து சட்டம் வளையும். அதனால் பெற்றோல் செட்டுக்குள் நுழைய முன் வெளியேறும் வழி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

வாடகை மோட்டார் ஹோம் எடுக்கும் எண்ணம் வந்தால், பெரும்பாலான நிறுவனங்கள் கார் இழுக்க விடமாட்டா. போன இடத்தில் ஒரு காரை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுப்பதுதான் வழி.

கேள்வி: அதே போல யாழ்ப்பாணத்தில் றோசாவுக்குப் பின்னால் காரைக் கட்டி இழுக்கலாமா? வீட்டில் அக்குவாவும், பழைய நனோவும் இருக்கின்றன.
– வாசகர், சுன்னாகம்

பதில்: இரண்டையும் கட்ட வேண்டாம். அக்குவாவின் முன் சில்லுகள் மின்மோட்டாரோடு எப்போதும் இணைந்தே இருக்கின்றன. சில்லு உருண்டால் மோட்டார் மின் பிறப்பிக்கும். முன் சில்லு தரையில் பட இழுக்காதே என்று ரொயோட்டாவே எழுதியிருக்கிறது. நனோ 600 கிலோ அளவுதான், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அதற்கு இயந்திரமும் கியரும் பின்னால். முன்சில்லைத் தூக்கி இழுத்தால், கியரோடு இணைந்த பின்சில்லுதான் உருளும். வகன் ஆர், விற்ஸ் போன்ற சி.வி.ரி. கார்களுக்கு முன்சில்லு தரையில் படக் கூடாது.

காரைவிடப் பெரிய தடை பஸ்தான். றோசாவின் பின் பம்பர் இழுக்கச் செய்ததல்ல. சசிச் சட்டத்தில் பூட்டாமல் பம்பரில் கொக்கி ஒட்டினால் குழியில் விழும்போது பிய்ந்து வரும். பஸ்ஸின் பிரேக் தன் பாரத்துக்கு அளவானது. சசியில் வெட்டி ஒட்டுவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எங்கள் யோசனை: வீட்டில் இன்னொருவருக்கு ஓட்டத் தெரிந்தால் காரைப் பின்னால் ஓட்டிவரட்டும். கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். லீற்றருக்கு 18 ஓடும் காருக்கு 22 லீற்றர் சொச்சம் பெற்றோல். கொக்கி, சட்டம், பிரேக் கருவி எல்லாம் வாங்கும் காசுக்கு எத்தனையோ பயணம் போகலாம். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று துரத்தாமல், சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வையுங்கள். முறிகண்டியில் எப்படியும் தேங்காய் உடைக்க நிற்பீர்கள். அந்த நேரத்தில் ஒருவர் இரண்டு வண்டியையும் சுற்றி வந்து ஒவ்வொரு சில்லின் நடுவுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: தீவுப் பக்கம் போகும்போது பஸ்ஸின் பின்னால் ஒரு ஸ்கூட்டரைத் தொங்கவிட நினைக்கிறோம். எவ்வளவு பாரம் தாங்கும்? நெடுந்தீவுக்கும் கொண்டு போகலாமா?
– வாசகர், வேலணை

பதில்: ஸ்கூட்டர் நல்ல தெரிவு. எங்கள் நிலம் தட்டை, சைக்கிளே போதும் என்றாலும் வயதானவர்களோடு போகும்போது ஸ்கூட்டர் உதவும். பாரத்தை மட்டும் சரியாகக் கணக்கிடுங்கள். ஸ்கூட்டர் 105 கிலோ, இரும்புத் தட்டு 30 கிலோ என்றால் 135. அது பின் அச்சிலிருந்து 2.3 மீற்றர் தள்ளித் தொங்குகிறது, முன்பின் அச்சுகளின் இடைத்தூரம் 4 மீற்றர் என்று வைப்போம். 135-ஐ 2.3-ஆல் பெருக்கி 4-ஆல் பிரித்தால் 78. அதாவது முன் அச்சு 78 கிலோ இலேசாகிறது, பின் அச்சு 213 கிலோ கூடுதலாகத் தாங்குகிறது. ஸ்ரியரிங் இலேசாகி, ஈர வீதியில் முன்சில்லு வழுக்குவது இதனால்தான். ஸ்கூட்டர் ஏற்றினால் தண்ணீரையும் கனமான சாமான்களையும் முன்னுக்கு மாற்றுங்கள். தட்டை சசிச் சட்டத்தில் பூட்டி, ஸ்கூட்டரை நான்கு மூலைக்கும் றச்சற் பட்டியால் இறுக்கி, பிரேக் கைப்பிடியையும் கட்டுங்கள். முதல் 10 கிலோமீற்றரில் நிறுத்தி மீண்டும் இறுக்க வேண்டும், ஸ்கூட்டரின் ஸ்பிரிங் அமுங்கிப் பட்டி தளர்ந்திருக்கும். இலக்கத் தகடும் பின் விளக்கும் மறைந்தால் தட்டின் பின்புறத்தில் வேறு விளக்கும் தகடும் வையுங்கள்.

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் பார்த்தே ஏறுங்கள். மாரியில் வீதி ஓரத்து மண் இளகியிருக்கும், சில்லைத் தாருக்குக் கீழே இறக்க வேண்டாம். ஊர்காவற்றுறை–காரைநகர்ப் பாதையை (கடலைக் கடக்கும் மிதவையை) நம்பிப் பஸ்ஸுக்கு வழி போடாதீர்கள். காரைநகருக்குப் பொன்னாலையால் போங்கள்.

குறிகட்டுவானோடு பஸ்ஸின் பயணம் முடிகிறது. நயினாதீவு ஆனித் திருவிழா நாட்களில் இறங்குதுறையில் நிறுத்த இடமே இருக்காது. புங்குடுதீவுக்குள்ளேயே தெரிந்தவர் வளவில் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் துறைக்குப் போகலாம். நெடுந்தீவுப் படகு சுமார் ஒரு மணித்தியாலம் ஓடும். காற்றைப் பொறுத்து நேரம் மாறும், முதல் நாளே கேளுங்கள். ஸ்கூட்டரைப் படகில் ஏற்றித் தூக்கி இறக்குவதைவிட அங்கேயே சைக்கிளோ ஓட்டோவோ வாடகைக்குப் பிடிப்பது சுகம். திரும்பி வந்த அன்று மாலையே ஸ்கூட்டரையும் தட்டையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தீவுக் கிணற்று உவர் தண்ணீரால் கழுவினால் உப்பின் மேல் உப்பு. பிரேக் கேபிள் நுழையும் இரண்டு முனையிலும், பட்டி கொழுவிய வளையங்களிலும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான்.